சொல்ல இருந்த வாக்கியம்

ஜனவரி 26, வியாழன்

வியாழக்கிழமை என்றால் நாடாளுமன்றச் சாப்பாட்டுக் கூடத்தில் பட்டாணிச் சூப், பிறகு ஜாம் வைத்த பான்கேக். பதினோரு வருடமாக இதே வியாழன். இன்று சூப் தட்டோடு காகிதக் கட்டும் வந்தது. தெற்கே ஒரு கூட்டாளி நாடு திவாலாகாமல் இருக்க அதன் கடனுக்கு நம் அரசு கொடுக்கப்போகும் உத்தரவாதம். நாற்பத்தெட்டுப் பக்கம். நாளைக் காலை ஒன்பதரைக்குக் குழு கூடுகிறது. படிக்க நேரமே தரவில்லை என்று யாரும் வாய் திறக்க முடியாது. ஒரு முழுப் பிற்பகல் தந்திருக்கிறார்களே!

அமைச்சர் பிரஸ்ஸல்ஸுக்குப் போகும் முன் வெள்ளிக்கிழமை எங்கள் ஐரோப்பிய விவகாரக் குழுவின் முன் வந்து கேட்க வேண்டும். நாங்கள் சரி என்றால் போவார். 'சரி, ஆனால்' என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தால் அந்த வரி அவர் கையைக் கட்டும். எழுதாத எதுவும் கட்டாது. இருபத்தைந்து உறுப்பினர்களில் எத்தனை பேருக்கு இது நினைவிருக்கிறதோ தெரியவில்லை.

என் வரியை ஆறு தடவை எழுதிப் பார்த்தேன். கடைசியில் நின்றது இது: 'இந்த உத்தரவாதத்தின் அளவையோ காலத்தையோ கூட்டும் முன் அமைச்சர் இக்குழுவின் முன் மீண்டும் வந்து இசைவு பெற வேண்டும்.' இவ்வளவுதான். உத்தரவாதத்தை நான் எதிர்க்கவில்லை. என் கட்சியும் ஆட்சியில் இருக்கிறது. கேட்டுவிட்டுச் செய் என்கிறேன், வேறென்ன?

கட்சிக் குழுத் தலைவன் பெர்த்தியிடம் காட்டினேன். "சொல்லிக்கோப்பா, யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா நாளைக்குள்ள சொல்லி முடிச்சிடு" என்று சிரித்தான். மெதுவாக வாய் திறப்பவர்கள் என்று பெயர் வாங்கிய ஹாமே பகுதிக்காரன் என்றால் இந்தக் கிண்டலைக் கேட்டே ஆக வேண்டும்.

நவம்பரில் கோர்பிலா பள்ளியின் சாப்பாட்டு அறையில் ஊர்க்காரர்கள் முன் நின்று வாக்குக் கொடுத்தேன். கோர்பிலா நகராட்சி மன்றத்திலும் நான் உறுப்பினன். ஊர்ச் சுகாதார நிலையத்தில் பதினான்கு படுக்கை உள்ள பிரிவை மூடப்போகிறோம், பணமில்லை என்று அங்கே பேச்சு. "எங்களைக் கேக்காம இன்னொரு யூரோவுக்குக்கூட நம்ம நாட்டுப் பேரைப் பிணை வைக்க விடமாட்டேன்" என்றேன். என் வாழ்நாளில் அதுவே நீண்ட பேச்சு. கை தட்டினார்கள். அக்கா ஹில்க்கா முன் வரிசையில் இருந்தாள். அவள் கணவர் ஆர்வி பக்கவாதத்தோடு அந்தப் பிரிவில்தான் படுத்திருக்கிறார், ஜன்னலோரப் படுக்கையில்.


ஜனவரி 27, வெள்ளி

நடக்கவில்லை.

எப்படி நடக்கவில்லை என்பதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். காகிதத்தில் என்னை யாரும் முந்த முடியாது.

எங்கள் வீட்டில் ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் உடனே வாய் திறப்பதில்லை. பேசியது அடங்க வேண்டும். உடனே பேசினால், நீ சொன்னதை நான் கேட்கவில்லை, என் முறைக்காகத்தான் காத்திருந்தேன் என்று பொருள். அப்பா பதில் சொல்லும் முன் ஒரு கோப்பைக் காபியைக் குடித்து முடிப்பார். மாரியைக் கல்யாணத்துக்குக் கேட்க நினைத்தே ஒரு பனிக்காலம் போனது. அலுத்துப்போய் அவளே கேட்டாள். பிறகு ஒன்பது வருடத்தில் மொத்தமாகவே அலுத்துப்போய் தம்பெரேயில் ஒரு வானொலிக்காரனோடு இருக்கிறாள். அது வேறு கதை.

குழுத் தலைவி ராய்லி கரேலியாக்காரி. அங்கே இரண்டு பேர் இருந்தால் மூன்று பேர் பேசும் சத்தம் கேட்கும். நல்லவள், கலகலப்பானவள், எல்லோருக்கும் ஏலக்காய் ரொட்டி வாங்கி வருவாள்.

அமைச்சர் இருபது நிமிடம் பேசினார். எதிர்க்கட்சிக்காரர்கள் முணுமுணுத்தார்கள், எதிர்க்கவில்லை. போன ஆட்சியில் முதல் உத்தரவாதத்தைக் கொடுத்ததே அவர்கள்தானே! கடைசியாகப் பேசியவர் தன் ஊரில் காகித ஆலை மூடியதைப் பற்றிச் சொன்னார். நன்றாகச் சொன்னார். குரல் லேசாக உடைந்தது. அவர் உட்கார்ந்ததும் அறை அமைதியானது.

"வேற குறிப்பு ஏதாவது இருக்கா?" என்று ராய்லி கேட்டாள், காகிதத்தைப் பார்த்தபடி.

அந்த மனுஷனின் குரல் இன்னும் அறையில் இருந்தது. அதன் மேல் ஏறி மிதிக்க எனக்கு மனம் வரவில்லை. காபிக் கோப்பையிலிருந்து கையை எடுத்தேன். காகிதத்தை எடுத்தேன். மூச்சை இழுத்தேன்.

ராய்லியின் மரச் சுத்தியல் மேசையில் விழுந்தது.

"இல்ல. ஒருமனதா ஏத்துக்கிட்டோம். அடுத்தது, தேன் புட்டி லேபிள்."

தேன் புட்டி லேபிளைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்கள். நாடு தாங்கப்போகும் சுமைக்கு இரண்டு நொடி கிடைத்தது. சுத்தியல் விழுந்த பிறகும் நான் கையைத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. விழுந்த சுத்தியலை எழுப்பி யாரும் பார்த்ததில்லை. முதல் ஆளாக இருக்க வெட்கமாக இருந்தது. ஆமாம், வெட்கம். வேறு பெயர் எதற்கு?

நடைபாதையில் ராய்லி என் தோளைத் தொட்டாள். "ஏதோ சொல்ல வந்தீங்களா ஆஹ்தி?"

அப்படியென்றால் பார்த்திருக்கிறாள்.

'ஆமாம்' என்பதற்குள் அமைச்சரே வந்துவிட்டார். காகிதத்தைக் காட்டினேன். நின்றபடியே படித்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கு எழுத்து எதுக்குங்க? கூட்டணும்னா உங்ககிட்ட வராம நான் எங்க போவேன்?" கை கொடுத்தார். சூடான, உறுதியான கை. ராய்லியும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.


ஜனவரி 28, சனி

அக்கா போன். "சொன்னியா?"

"பேசினேன்" என்றேன்.

நடைபாதையில் பேசியதும் பேச்சுதானே.


ஜனவரி 31, செவ்வாய்

கூட்டக் குறிப்பின் நகல் வந்தது. 'நான்காம் பொருள்: குழு ஒருமனதாக இசைந்தது.' கீழே வழக்கமான வரி: திருத்தம் இருந்தால் மூன்று நாளில் தெரிவிக்கவும்.

குழுச் செயலாளர் குன்வோரின் அறைக்குப் போனேன். ஸ்வீடிஷ் பேசும் குடும்பத்துப் பெண்மணி. இருபது வருடமாகக் குறிப்பு எழுதுகிறார். மேசையில் ஒரு பென்சில்கூடக் கோணலாகக் கிடக்காது. எதிரே உட்கார்ந்தேன். அவர் காத்திருந்தார். இந்தக் கட்டடத்திலேயே காத்திருக்கத் தெரிந்த ஒரே ஆள்.

"நான் பேச இருந்தேன்" என்றேன்.

"தெரியும். பார்த்தேன். உங்க கை கோப்பையை விட்டு எழுந்துச்சு, காகிதத்தை எடுத்தீங்க. அப்புறம் சுத்தியல்."

"அதை எழுதலாமா?"

"கை எழுந்ததை எழுதற வழக்கம் இங்க இல்ல." குறிப்பின் நகலை என் பக்கம் நகர்த்தினார். "ஆனா நீங்க திருத்தம் கேட்டு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. அது அடுத்த கூட்டத்துக்கு வரும். என்னைக் கேட்டாங்கன்னா, பார்த்ததைச் சொல்வேன்."

தலைவியின் சுத்தியலுக்கு எதிராக ஒரு செயலாளர் சாட்சி சொல்வது சின்ன விஷயமா? அவருக்கு ஓய்வு பெற இன்னும் ஏழு வருடம் இருக்கிறது.

மாலை கட்சிக்காரர்களின் சவுனா நீராவிக் குளியல். மேல் படியில் பெர்த்தியும் நானும் மட்டும். கல்லின் மேல் தண்ணீரை ஊற்றினான். ஆவி எழுந்து முகத்தில் அடித்தது.

"ஏதோ திருத்தம் எழுதப் போறியாமே?"

யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை.

"ஆஹ்தி, யோசிச்சுப் பாருப்பா. நீ எழுதினா என்ன ஆகும்? ராய்லி அவசரமா அடிச்சா, உறுப்பினர் வாயை அடைச்சான்னு ஆகும். நாளைக்கே பேப்பர்ல வரும். எதுக்கு? அமைச்சர் உனக்குக் கை குடுத்தாரா இல்லையா?"

"குடுத்தார்."

"அப்புறம்? மனுஷன் கை குடுத்தா அது போதாதா உனக்கு? உங்க ஊர்ல போதும்பாங்களே."

இன்னொரு கரண்டி தண்ணீர். என்னிடம் பதில் இருந்தது. அது அடங்கட்டும், இது அடங்கட்டும் என்று இருந்தேன். அவன் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். போகும்போது, "நீ விவரமான ஆளு, அதான் உன்னை எல்லாருக்கும் பிடிக்குது" என்றான்.

அந்த வார்த்தை எனக்கு இனித்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.


பிப்ரவரி 3, வெள்ளி

கெடு நான்கு மணிக்கு முடிந்தது. நான் எதுவும் கொடுக்கவில்லை. நான்கே காலுக்கு, பெர்த்திக்குச் சொல்ல மிக நல்ல ஒரு பதில் தோன்றியது.


பிப்ரவரி 7, செவ்வாய்

படிக்கட்டில் குன்வோர். வணக்கம் சொன்னார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.


மார்ச் 12, திங்கள். கோர்பிலா

நகராட்சி மன்றம். பதினான்கு படுக்கைப் பிரிவை மூடும் தீர்மானம். நான் எதிர்த்து ஓட்டுப் போட்டேன். பதினாறுக்குப் பதினொன்று. செப்டம்பரில் மூடல். நோயாளிகள் அறுபது கிலோமீட்டர் தள்ளி வட்டார மருத்துவமனைக்குப் போவார்கள்.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். மர அறுவை ஆலைக்கார ஓனி எழுந்தான். அவனும் மன்ற உறுப்பினன், குரல் பெரியது.

"இங்க பதினாலு கட்டிலுக்குக் காசில்ல. அங்க ஹெல்சிங்கியில நம்ம ஆஹ்தி ஊருக்கெல்லாம் பிணை போட்டுட்டு வர்றார். நாளைக்கு அதை ரெட்டிப்பாக்குவாங்க, நீங்க அதுக்கும் தலையாட்டுவீங்க. இல்லைன்னு சொல்லுங்க பார்க்கலாம்!"

பார்வையாளர் பெஞ்சில் ஹில்க்கா. ஊரே என்னைப் பார்த்தது.

இந்த ஒரு தடவை நான் தாமதிக்கவில்லை. "எங்க குழுவைக் கேக்காம ஒரு யூரோகூட கூட்ட முடியாது. அது எழுத்துல இருக்கு" என்றேன்.

எழுத்துல இருக்கு.

ஏன் சொன்னேன்? வாக்கியம் எழுத்தில் இருப்பது உண்மைதான், என் கோட்டுப் பையில் என் கையெழுத்தில். ஐம்பத்தெட்டு வயதில் முதல் முறையாக ஒரு கேள்விக்கு உடனே பதில் சொன்னேன், அதுவும் பொய்.

வெளியே பனியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயாவது ஒண்ணை உருப்படியா செஞ்சேடா."


மார்ச் 15, வியாழன்

உள்ளூர்ப் பத்திரிகையில் என் படம். 'எழுத்தில் இருக்கிறது: ஆஹ்தி ரெகோலா உறுதி.' அக்கா அதை வெட்டி ஆர்வியின் படுக்கைக்கு மேல் ஒட்டியிருக்கிறாளாம்.

பட்டாணிச் சூப். இறங்கவில்லை.


மே 1, செவ்வாய்

மே தினம். தெரு முழுக்க பலூன்களும் பள்ளி முடித்தபோது வாங்கிய வெள்ளைத் தொப்பி போட்ட கிழவர்களும். அமைச்சர் பூங்காவில் எதிர்ப்பட்டார், கையில் சர்க்கரை உதிரும் பலகாரம். "எல்லாம் நல்லாப் போகுதா?" என்றார். "ஆமாம்" என்றேன். உத்தரவாதத்தைப் பற்றி நினைவுபடுத்த வாய் எடுப்பதற்குள் வேறு யாரோ அவரைக் கட்டிப்பிடித்தார்கள்.


ஜூன் 27, புதன்

கோடை விடுமுறைக்கு ஏரிக்கரைக் குடிலில் இருக்கிறேன். தபால் வண்டி கொண்டுவந்த உறையில் நிதித்துறையின் கடிதம். உத்தரவாதம் மூன்று வருடம் நீட்டப்பட்டிருக்கிறது. அளவு ஏறக்குறைய இரட்டிப்பு. ஓனி சொன்ன அதே 'ரெட்டிப்பு'!

கடிதத்தின் தேதி கோடைத் திருவிழாவுக்கு முந்தின நாள். அன்று நாடு முழுவதும் ஏரிக்கரையில் திருவிழாத் தீ மூட்ட விறகு அடுக்கிக்கொண்டிருந்தது. ஹெல்சிங்கியில் புறாக்களும் அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவனும் மட்டும் இருந்திருப்பார்கள்.

அது போகட்டும். இந்த வரியைப் பார்: 'ஜனவரி 27 அன்று குழு ஒருமனதாக அளித்த இசைவின் அடிப்படையிலும், குழு எவ்வித நிபந்தனையும் விதிக்காததைக் கருத்தில் கொண்டும்.'

எவ்வித நிபந்தனையும். நான்கு தடவை படித்தேன். சட்டப்படி ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. என்னுடைய மௌனத்தை எடுத்து முத்திரை குத்தி எனக்கே அனுப்பியிருக்கிறார்கள்.


ஜூன் 29, வெள்ளி

அமைச்சரின் அலுவலகம்: விடுமுறை, ஆகஸ்டில் கூப்பிடவும். பெர்த்தி: போனை எடுக்கவில்லை. ராய்லி எடுத்தாள். பின்னால் தண்ணீர்ச் சத்தம், குழந்தைகளின் கூச்சல்.

"கடிதம் பார்த்தேன் ஆஹ்தி. எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா சட்டப்படி அவங்க வரவேண்டியதில்லையே. நாம எதுவும் எழுதலையே."

"அவர் கை குடுத்தார். நீங்க பக்கத்துல இருந்தீங்க."

"இருந்தேன். ஆனா அது நடைபாதை." பிறகு மெதுவாக, "திருத்தம் கேக்க மூணு நாள் இருந்துச்சே, நீங்களும் கேக்கலையே" என்றாள்.

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் எரிகிறது. திட்டவாவது ஒரு பொய் வேண்டாமா?


ஜூலை 5, வியாழன்

அக்கா வந்தாள். நாற்பது கிலோமீட்டர் பழைய வேனை ஓட்டிக்கொண்டு, பால் கறந்த உடுப்போடு. வந்ததும் பத்திரிகையைப் படகுத் துறைப் பலகை மேல் போட்டாள். செய்தி எங்கும் வந்துவிட்டது. நான் மீன்வலையைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"எழுத்துல இருக்குன்னியே. எங்கடா எழுத்து? காட்டு."

வலையில் அடுத்த முடிச்சைப் பிரித்தேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? இன்னிக்கு நான் காத்திருக்க மாட்டேன் ஆஹ்தி. அப்பா காலத்துல இருந்து இந்த வீட்டு ஆம்பளைங்க வாய் திறக்கறதுக்குக் காத்திருந்தே என் வயசு போச்சு. சொல்லு!"

சொன்னேன். கோப்பை, மூச்சு, சுத்தியல், நடைபாதை, சவுனா, கெடு. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா விஷயம் என்று எனக்கே இருந்தது.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பலகையில் உட்கார்ந்து ரப்பர் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுத்தியல் முந்திக்கிச்சு, சரி. அது உன் பிறவிக்குணம், அதுக்கு நான் உன்னைக் கேக்க மாட்டேன். அந்த அம்மா சாட்சி சொல்றேன்னு சொன்னாங்களே, அப்போ ஏன்டா எழுதல?"

"சங்கடப்படுத்த வேணாம்னு..."

"யாரை?"

ராய்லியை என்று சொல்லலாம். உண்மை அதுவல்ல. பெர்த்தி மேல் படியில் உட்கார்ந்து சொன்ன 'விவரமான ஆளு' என்ற பட்டத்தை இழக்க எனக்கு மனமில்லை. அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது?

"நான் வீடு வீடா போனேன்டா" என்றாள். "உன் படத்தைக் காட்டி, என் தம்பி எழுதி வாங்கிட்டான்னு சொன்னேன். ஓனி பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னேன். ஆர்விக்குப் பேச்சு வரல, ஆனா அந்தப் படத்தைப் பார்த்து விரலை ஆட்டுவார். நான் இப்போ போய் அதைக் கிழிக்கணும்."

காபி போடட்டுமா என்றேன். வேண்டாம் என்று போய்விட்டாள். எங்கள் குடும்பத்தில் யாரும் காபி வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.


ஆகஸ்ட் 18, சனி

சந்தைச் சதுக்கத்துக் காபிக் கூடாரம். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. பத்திரிகைக்காரப் பெண் போன வாரம் கேட்டதற்கு, "நான் சொல்ல இருந்தேன்" என்றிருந்தேன். அதையே தலைப்பாகப் போட்டுவிட்டாள்.

ஓனி எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "சத்தம் போடாதீங்கப்பா, ஆஹ்தி ஆட்சேபிக்கப் போறார். வர்ற பனிக்காலத்துக்குள்ள சொல்லிடுவார்" என்றான்.

கூடாரமே சிரித்தது. அவர்களும் ஹாமேக்காரர்கள்தானே! அவர்களும் என்னைப் போலத்தானே பேசுவார்கள்! காபியை விட்டுவிட்டு வர மனமில்லை. முழுக்கக் குடித்துவிட்டு வந்தேன்.


செப்டம்பர் 3, திங்கள்

ஆர்வியை மாற்றிவிட்டார்கள். நான் வண்டி ஓட்டுகிறேன் என்று சொல்லியனுப்பினேன். வேறு ஆள் இருக்கிறது என்று பதில் வந்தது.

புது அறையில் அவருக்கு நடுப்படுக்கையாம். ஜன்னல் தெரியாது.


அக்டோபர் 13, சனி

எல்க் மான் வேட்டை. வேட்டைக் குழு என்னை விலக்கவில்லை; அவர்களுக்கு நான் வேண்டும். சதுப்பு ஓரத்து மேடையில் மூன்றரை மணி நேரம் அசையாமல் நின்றேன். இளைஞர்கள் இருமுவார்கள், போனை நோண்டுவார்கள். நான் காத்திருந்தேன். மான் பிர்ச் மரங்களுக்கு நடுவே வந்து நின்று என் பக்கம் திரும்பும்வரை. ஒரே குண்டு.

"இவரை மாதிரிப் பொறுமை யாருக்கு வரும்" என்று தோளில் தட்டினார்கள். தட்டியவர்களில் ஓனியும் ஒருவன்.

காத்திருக்கத் தெரிந்தவன் காட்டுக்குத்தான் லாயக்கு போலிருக்கிறது.


அக்டோபர் 28, ஞாயிறு

நகராட்சித் தேர்தல். தோற்றேன். மொத்த எண்ணிக்கையை எழுதப் பிடிக்கவில்லை. பள்ளி வாக்குச்சாவடியில், போன தடவை வரிசையில் நின்று எனக்குப் போட்ட இடத்தில், பதினேழு. அதில் ஒன்று என்னுடையது. இன்னொன்று அக்காவுடையதா என்று அவளிடம் கேட்க முடியாது.


நவம்பர் 15, வியாழன்

சூப். நாளைய கூட்டத்தின் காகிதங்கள். ஆறாம் பொருள்: உத்தரவாதம் தொடர்பான அமைச்சரின் அறிக்கை, குழுவின் தகவலுக்கு. தகவலுக்கு என்றால் முடிவு எதுவும் கிடையாது. நிபந்தனை சேர்க்க முடியாது. அவர் சொல்வார், நாங்கள் கேட்டுக்கொள்வோம்.

கோட்டுப் பையில் பழைய காகிதம் இன்னும் இருக்கிறது. மடிப்பில் கிழிந்துவிட்டது.


நவம்பர் 16, வெள்ளி

அமைச்சர் எட்டு நிமிடம் பேசினார். அந்த நாடு தவணையைக் கட்டவில்லை. உத்தரவாதத்தின் முதல் பகுதியை நாம் செலுத்தியாகிவிட்டது. போன வாரமே. 'எதிர்பார்த்த ஆபத்துதான்' என்றார். என் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். மனதில் எந்தப் பகையும் இல்லாத தலையசைப்பு.

"குறிப்பு ஏதாவது இருக்கா?" என்றாள் ராய்லி.

நான் சுத்தியலைப் பார்த்தேன். அவள் சுத்தியலை எடுக்கவில்லை. அதை மேசையிலேயே விட்டுவிட்டு, கையைக் கோத்துக்கொண்டு, நேராக என்னைப் பார்த்தாள்.

"உறுப்பினர் ரெகோலா? உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா? அவசரமே இல்ல. நாங்க காத்திருக்கோம்."

காத்திருந்தார்கள். இருபத்தி நான்கு பேர், அமைச்சர், அதிகாரிகள். யாரோ கோப்பையைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும். பதினோரு வருடத்தில் எனக்கு இவ்வளவு நேரத்தை யாரும் தந்ததில்லை. பெர்த்தி நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். குன்வோர் மட்டும் என்னைப் பார்க்காமல் பென்சிலைப் பார்த்தார்.

பையில் கை விட்டேன். காகிதம் விரலில் தட்டியது. 'கூட்டும் முன்... மீண்டும் வந்து இசைவு பெற வேண்டும்.' கூட்டியாயிற்று. கட்டியாயிற்று. இப்போது படித்தால் சிரிக்கக்கூட மாட்டார்கள், மரியாதையாகக் கேட்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

ஜனவரியில் இதில் பாதி நேரம் தந்திருந்தால்? கேட்டுக்கொள்கிறேன், பதில் சொல்லத்தான் பயமாக இருக்கிறது. பிப்ரவரியில் மூன்று முழு நாள் தந்தார்கள். அங்கே சுத்தியலும் இல்லை, ராய்லியும் இல்லை. நானும் ஒரு பேனாவும் மட்டும்.

"குறிப்பு எதுவும் இல்ல" என்றேன். குரல் தெளிவாகவே வந்தது.

"இந்தத் தடவை அதை எழுதிக்குங்க குன்வோர்" என்றாள் ராய்லி. "கேட்டோம்னு இருக்கட்டும்."

சுத்தியல். அடுத்தது, வாத்து இறைச்சி இறக்குமதி.


நவம்பர் 20, செவ்வாய்

கூட்டக் குறிப்பின் நகல் வந்தது. இந்த வருடம் முழுக்கப் புரட்டிப் பார்த்தேன். நாற்பத்தொரு கூட்டம், நாற்பத்தொன்றுக்கும் போயிருக்கிறேன். என் பெயர் ஒரே இடத்தில் வருகிறது.

'ஆறாம் பொருள்: உறுப்பினர் ஆஹ்தி ரெகோலா, தலைவரால் நேரடியாகக் கேட்கப்பட்டபோது, குறிப்பு எதுவும் இல்லை என்றார்.'

கீழே அந்த வழக்கமான வரி. திருத்தம் இருந்தால் மூன்று நாளில் தெரிவிக்கவும்.

இரண்டு தடவை படித்தேன். திருத்த எதுவும் இல்லை. நடந்தது நடந்தபடியே இருக்கிறது.